ஒன்பது கட்டம்

வியாழக்கிழமைகளில் நான் திருடி.
மற்ற நாட்களில் டுலூத் நகராட்சிக்காகத்
தப்பான பக்கம் நிற்கும் கார்களுக்கு
அபராதச் சீட்டு எழுதுகிறவள்.

சலவைக்கடையின் நிலவறை. மேலே
யாருடைய ஜீன்ஸோ டிரையரில் உருண்டு
பொத்தானால் தாளம் போடுகிறது.
கீழே, மேசைமேல் இருபது முகப் பகடை,
ஆறிப்போன பீட்ஸா,
வாடகைக் காசு போடும் ஊறுகாய் ஜாடி,
கதைக்குள், நாற்காலியில் கட்டிப்போட்ட ஒரு கோப்ளின்.

கோப்ளின் என்பது லோர்னாவின் குரல்.
லோர்னா பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவள்.
ஆட்டத்தை நடத்துகிறவளும் அவள்தான், ஆகையால்
எங்களுக்கு மழையும் கடவுளும் எதிரியும் அவளே.

"ரெண்டு தட்டு தட்டலாமா?" என்றேன்.
"கூடாது" என்றான் வெண்டெல். புனித வீரன்.
குணத்தாளில் ஒழுங்கு, நன்மை இரண்டையும்
அடிக்கோடிட்டு வைத்திருக்கிறான். பேனாவால்.
"செப்பு ஆந்தை இப்படிச் செய்வானா?"

கேட்டிருக்கக் கூடாது.

செப்பு ஆந்தை அவன் சட்டையிலேயே இருக்கிறான்:
கூரை கூரையாய்த் தாவும் காமிக்ஸ் நாயகன்.
யாரையும் கொல்ல மாட்டான்.
பன்னிரண்டாம் மாடியிலிருந்து போடுவான்,
மூன்றாம் மாடியில் பிடித்துக்கொள்வான்.
"அதுதான் கருணை" என்றான் வெண்டெல்.
"அதுதான் தோள்பட்டை நழுவல்" என்றாள் காஷியா,
அவசரப் பிரிவு நர்ஸ், சீஸை நூலாய் இழுத்தபடி.
"அவன் பிடித்த கையை விடிய விடியப் பொருத்துவது யார்?"

ஆஸ்மண்ட், வழியற்றவர்களுக்கு அரசு தரும் வக்கீல்.
அவனுக்கு வலி வேறு இடத்தில்.
"தலைகீழாய்த் தொங்குகிறவன் சொன்ன வாக்குமூலம்
எந்தக் கோர்ட்டில் நிற்கும்?
அறுபத்தோரு இதழ். எல்லாருக்கும் விடுதலை.
உன் ஆந்தை என் கட்சிக்காரன்."

நான் கதவுகளை எண்ணியிருக்கிறேன்.
இதழுக்குச் சராசரி நாலு உடைக்கிறான்.
சிலது தாழ்கூடப் போடாதவை.
ஒன்றுக்கும் காசு கொடுத்ததாகப் படம் இல்லை.

பீட்ஸா அட்டையைக் கிழித்து ஒன்பது கட்டம் போட்டோம்.
மேலே நன்மை, கீழே தீமை,
இந்தக் கோடியில் ஒழுங்கு, அந்தக் கோடியில் தறிகேடு,
நட்டநடுவில் எதற்கும் எழுந்து வராதவர்கள்.
ஆந்தைக்குப் பதில் ஒரு ஆலிவ்.

"மனசுதான் கணக்கு."
"மனசுக்கு எக்ஸ்ரே கிடையாது."
"முகமூடி போட்டவன் எப்படி ஒழுங்கு?"
"நீயும்தான் ஆபரேஷன் தியேட்டரில் போடுகிறாய்."
ஆலிவ் மூலைக்கு மூலை போய்
எட்டுக் கட்டத்தில் எண்ணெய்த் தடம் விட்டது.

கோப்ளின் இருமியது.
"ஐயா, அம்மா, தண்ணீர்கூட வேண்டாம்.
என் கட்டம் எது என்று மட்டும்..."

"கீழ் வரிசை" என்றான் வெண்டெல்,
விதிப்புத்தகத்தைத் தட்டி.
"பிறப்பிலேயே."

காஷியா மெல்லுவதை நிறுத்தினாள்.
மேலே ஜீன்ஸும் நின்றுவிட்டிருந்தது.
லோர்னா ஒன்றும் சொல்லவில்லை.
அவள் மறைப்பு அட்டைக்குப் பின்னால்
பகடை ஒருமுறை உருண்டது.

பிறகு மறுபடி ஆரம்பித்தோம், சட்டையின் மடிப்பிலிருந்து.

பத்தரைக்கு லோர்னாவின் போன் அடித்தது:
ஏரிப் பக்கமிருந்து பனி, லாரியை எடு.
கோட்டில் ஒரு கையை நுழைத்தபடி சொன்னாள்:
"மறந்தே போனேன். நீங்கள் ஆலிவை நகர்த்தும்போது
அது கட்டை அவிழ்த்துக்கொண்டது.
சாவி மிதியடிக்கு அடியில் இருந்தது.
திறந்து, வெளியே போய், சத்தமில்லாமல் சாத்தியது."

"உடைக்கவில்லையா?" என்றேன்.
"எதுக்கு? கதவுதானே."

ஜாடியைக் கவிழ்த்தேன்.
ஐந்து பேர், தலைக்கு மூன்று டாலர்.
பன்னிரண்டு இருந்தது, போன வாரம் போல,
அதற்கு முந்தின வாரம் போல.
புனித வீரன் ஆலிவைத் தின்றபடி
கூரையின் ஈரக்கறையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே தெரு வெளுத்திருந்தது.
இந்த வாரம் இரட்டைப்படைப் பக்கம்தான் நிறுத்தலாம்.
வெண்டெலின் கார் ஒற்றைப்படையில்
கொழுத்த பூனைபோல் தூங்கியது.
அவன் பாக்கெட் பாக்கெட்டாய்ச் சாவி தேட,
நான் கையுறையால் முன்கண்ணாடியைத் துடைத்தேன்.

"நீ ரொம்ப நல்லவள்" என்றான்.

சீட்டு ஒட்டுவதற்குக்
கண்ணாடி காய்ந்திருக்க வேண்டும்.