பதினேழாம் கட்டம்

அரை மீட்டர் சட்டம். வெள்ளைக் குழாய்,
மூலைகளில் நீல டேப்.
சேற்றில் இதைப் போட்டுவிட்டால்
உள்ளே இருப்பதெல்லாம் என் கணக்கு.

உம் அல் குவைன் கழிமுகம், ஆகஸ்ட், காலை ஐந்தே கால்.
ஓதம் வடிந்துகொண்டிருக்கிறது.
படகை ஷஹீதுல் பிடித்துக்கொள்கிறான்.
வங்காளத்துத் தீவுக்காரன்;
எங்கள் குழுவில்
சேற்றில் விழாமல் நடப்பவன் அவன் ஒருவன்தான்.

வாய்க்கால் ஓரத்து வெண்கண்டல்
இரண்டாள் உயரம்.
எண்பது தப்படி உள்ளே போனால்
அதே மரம், அதே இலை,
என் முழங்காலுக்கு வரவில்லை.
கன்று என்றுதான் முதல் நாள் எழுதினேன்.
டாக்டர் மைதா குனிந்து தண்டைக் காட்டினார்:
என் மணிக்கட்டைவிடத் தடிமன்.
"இதற்கு உன் வயது இருக்கும், அழித்து எழுது."

கருவி சொன்னது,
வாய்க்காலில் உப்பு நாற்பத்திரண்டு,
இங்கே வேர் உறிஞ்சும் நீரில் எண்பத்தொன்று.
ஒவ்வொரு வாய்த் தண்ணீருக்கும்
வேரில் வடித்து, வடியாததை இழுத்துவந்து
இலைமேல் காயவைக்க வேண்டும்.
வளர்வதற்கு மிச்சம் ஏது?
ஓர் இலையை நக்கிப் பார்த்தேன்.
ஷஹீதுலும் நக்கினான்.
அவன் துப்பினான்.
நான் காலையில் எதுவும் சாப்பிடவில்லை.

கரைப்பக்க மரங்களின் அடி மட்டும்
நூல் பிடித்து வெட்டியதுபோல் நேர்கோடு.
வெட்டியது ஒட்டகம்.
கழுத்து எட்டும்வரை தின்னும்,
எட்டாததைக் குடையாக விட்டுவைக்கும்.
பின்னால் மணலில் நிற்கிற வன்னிக்கும்
அதே கோடு, அதே உயரம்.
கடல் மரத்தையும் பாலை மரத்தையும்
ஒரே வாய் அளவெடுத்திருக்கிறது.

வேலி போட்ட இடத்தில்
கிளைகள் தாறுமாறாய்த் தரையைத் தொடுகின்றன.
அந்த நிழலில் சேறு காய்வதில்லை.
நண்டு வளை வெளியே பதினொன்று,
உள்ளே முப்பத்தெட்டு.
ஒட்டகத்துக்கும் நண்டுக்கும் வழக்கு இருக்குமென்று
யார் நினைத்தது?

நண்டு விதையைத் தின்னும் என்று படித்திருந்தேன்.
தின்கிறது. என் கண்ணெதிரே ஒன்றை
வளைக்குள் இழுத்துக்கொண்டு போனது,
அகலம் போதாமல் திருப்பித் திருப்பி,
மாடிப்படியில் கட்டில் ஏற்றுகிறவன் மாதிரி.
ஆனால் நண்டே இல்லாத ஒன்பதாம் கட்டத்தில்
சேறு கறுத்து, அழுகிய முட்டை வாடை.
காற்று இறங்க ஒரு துளை இல்லை.
கன்றும் இல்லை.
படிவத்தில் இரண்டே பெட்டி: நன்மை, தீமை.
இரண்டிலும் டிக் அடித்தேன்.
அலுவலகத்தில் ஏற்கவில்லை.

எனக்கு முன் இந்த வேலையில் இருந்தவர்
தக்கலைக்காரர், ஞானசிகாமணி.
குட்டை மரத்தின் விதைகள் நாற்பதை
வாய்க்கால் ஓரம் நட்டுவிட்டுப் போயிருக்கிறார்.
பதின்மூன்று மிஞ்சின.
மற்றதைக் கொட்டலசு மூடியது, நண்டு தின்றது,
ஒன்றை ஒரு பிளாஸ்டிக் பை சுற்றிக்கொண்டது.
பதின்மூன்றில் எட்டு என் தோளைத் தொடுகின்றன.
ஐந்து அப்படியே, முழங்காலுக்குக் கீழ்.
அதே தண்ணீர், அதே சேறு.

தாய் குடித்த உப்பு
விதையோடு வந்துவிட்டதா என்று கேட்டேன்.
"தெரியாது," என்றார் மைதா,
"இன்னும் நான்கு வருடம் பார்த்தால் தெரியலாம்."
என் விசாவில் பதினான்கு மாதம் இருக்கிறது.

ஏழரை மணி, முப்பத்தொன்பது டிகிரி.
சட்டத்தைத் தூக்குகிறேன்.
சேற்றில் சதுரமாய் ஒரு பள்ளக்கோடு,
அதில் விரலளவு தண்ணீர்.
அதற்குள் அந்தக் கோட்டில்
ஒரு நண்டு இறங்கிவிட்டது,
எப்போதும் அங்கேயே இருந்ததுபோல
கொடுக்கை நனைத்துக்கொண்டு.

ஷஹீதுல் படகின் விளிம்பைத் தட்டுகிறான்.
தண்ணீர் ஏறுகிறது.
எண்ணி முடித்தபின் வந்தது இது,
நான் போட்ட பள்ளத்துக்கு வந்தது.

பதினேழாம் கட்டம், நண்டு: பன்னிரண்டு.
அடித்துவிட்டு
பதின்மூன்று என்று எழுதினேன்.