மூன்றாவது பத்தி

செவ்வாய், வியாழன், மாலை ஆறரை.
டுலூத்தில் சமுதாயக் கல்லூரி, அறை நூற்றுப்பதினான்கு.
நான் வந்த வழியை என் பூட்ஸ் சொல்லிவிடும்:
கதவிலிருந்து நாற்காலி வரை வெள்ளைத் துகள்.
மாவட்டத்தின் உப்பு லாரி ஓட்டுகிறேன்.
இந்த வகுப்பில் தேறினால்
மேற்பார்வையாளர் தேர்வு எழுதலாம்.
அவ்வளவுதான் என் இலக்கிய ஆசை.

சொர்வாரி டீச்சருக்கு இருபத்தேழு வயது.
எனக்கு நாற்பத்தொன்று.
மூன்று கல்லூரிக்கும் ஒரே காரில் ஓடுகிறவள்;
பின்சீட்டுதான் அலுவலகம்,
எங்கள் கட்டுரைகள் பிஸ்கட் தூளோடு திரும்பி வரும்.

என் முதல் வாக்கியம்:
"ஆதிகாலம் தொட்டே மனிதன் சாலைகளில் பயணித்து வருகிறான்."
ஓரத்தில் பச்சை மை:
"ஆதிகாலத்தில் நீங்கள் இருந்தீர்களா, லோர்னா?
நேற்று ராத்திரி எங்கே இருந்தீர்கள்?"

நேற்று ராத்திரி ஏரிக்கரைச் சாலையில்,
மைனஸ் ஐந்தில்.
பின்னால் சுழல்தட்டு உப்பை இறைக்க இறைக்க
முன்னால் பனி என்னை மதிக்காமல் விழுந்துகொண்டிருந்தது.
அதை எழுதினேன்.
"இது" என்று எழுதிக் கோடு போட்டிருந்தாள்.
இது என்ன என்று சொல்லவில்லை.

பிறகு வாதம் வேண்டுமாம்.
யாரும் மறுக்காததைச் சொன்னால்
அது கட்டுரையில்லை, அறிவிப்புப் பலகை.
சரி: மாவட்டம் உப்பைப் பாதியாகக் குறைக்க வேண்டும்.
உப்பிட்டவர்களுக்கு எதிராகவே எழுதினேன்.
முதல் பத்தி ஓடை:
வசந்தத்தில் கரிக்கிற தண்ணீர், வராமல் போன ட்ரவுட் மீன்.
இரண்டாவது துரு: பாலம், பிரேக் குழாய், பணம்.
இரண்டும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தன.

மூன்றாவதில் எதிர்த்தரப்பு.
"அவர்களைக் கந்தலில் நிறுத்தாதீர்கள்,
நல்ல சட்டை போட்டு நிறுத்துங்கள்" என்றாள்.
"சிலர் இதை ஏற்கமாட்டார்கள்" என்று தொடங்கினேன்.
சிலரைச் சுற்றிப் பச்சை வட்டம்.
யார்?

மூன்று வாரம்.
லாண்ட்ரியில், லாரி கேபினில்,
பல் டாக்டரின் வரவேற்பறையில்
அந்த இரண்டெழுத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

சிலர் என்றால் என் தங்கை ஜோலீன்.
அவள் கணவன் வேட்.
பெர்ச் ஓடைத் திருப்பம், கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம், ஒரு மரம்.
அந்தத் திருப்பம் என் தடத்தில் இருபத்திரண்டாவது மைல்.
நான் பதினேழாவது மைலில் இருந்தேன்.

அதை அப்படியே எழுதினேன்.

ஒருவர் தாளை ஒருவர் படிக்கிற நாளில்
என்னுடையது டாரியஸ் கைக்குப் போனது.
பதினெட்டு வயது. ஒரு காதில் எப்போதும் பாட்டு.
மூன்றாவது பத்தியில் அதைக் கழற்றினான்.
"நீங்க சொல்றது சரியான்னு தெரியல.
ஆனா இன்னிக்கு மெதுவா ஓட்டிட்டுப் போவேன்."
'பலம்', 'பலவீனம்' கட்டங்களை நிரப்பாமலே திருப்பித் தந்தான்.

டீச்சர் அந்தப் பத்தியில் ஒரு காற்புள்ளி சேர்த்தாள்.
கீழே, சின்னதாக: "எத்தனை மணி? ஆதாரம் தேவை."
ஆதாரமாம்.
காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினேன்.
பிறகு, இரண்டு வருடமாக அழைக்காத எண்ணை அழைத்தேன்.

"ஒரு கட்டுரைக்கு வேணும். மணி எத்தனைன்னு."
"நாலு பத்து. உனக்குத் தெரியாதா?"
"தெரியும். வேற யாராவது சொல்லணும்."
அந்தப் பக்கம் நாய் தண்ணீர் குடிக்கிற சத்தம்.
"உப்பு போடணும்னு எழுதறியா, வேணாம்னா?"
"குறைக்கணும்னு."
நாய் நெடுநேரம் குடித்தது.
"படி. கேக்கறேன்" என்றாள்.

ஓடையிலிருந்து ஆரம்பித்தேன்.
மூன்றாவது பத்தி வரும்வரை அவள் குறுக்கிடவில்லை.
வந்தபோதும்.

பி மைனஸ்.
மேற்கோள் பட்டியலில் வடிவப் பிழை:
நேர்காணல் தந்தவரின் குடும்பப் பெயர் முதலில் வரவேண்டும்,
பிறகுதான் ஜோலீன்.
திருத்தி எழுதினேன்.
அது வேடின் பெயர்.