இசட் டிரைவ்

காணிக் கிளையின் மூன்றாம் மேசைக்கு
இசட் என்ற எழுத்தில் ஒரு கதவு வைத்தேன்.
கதவு என்றால் கதவில்லை,
மஞ்சள் உறை ஒன்று, அதன் கீழே
குட்டியாய் ஒரு கம்பிவடம்.
உள்ளே குச்சவெளி, தம்பலகாமம், வெருகல், மூதூர்
எல்லாம் சாதாரணக் கோப்புறைகள்போல.

"இது இங்கயா இருக்கு?" யோகமலர் மிஸ் கேட்டா.
இல்லை மிஸ்.
"கொழும்பிலயா?"
சிங்கப்பூராயும் இருக்கலாம்.
"பிறகெப்படி இங்க?"
இங்க மாதிரி.

அந்த "மாதிரி"க்குத்தான்
காலை முழுக்கப் போனது.
தூங்கிக்கிடந்த சேவையொன்றைத் தட்டி எழுப்பி,
கடவுச்சொல்லை நாலு தரம் கொடுத்து,
சாய்கோடுகளை மறுபக்கம் சாய்த்து.
ஐம்பது எம்பிக்கு மேற்பட்ட நில அளவைப் படங்கள்
இந்த வாசலால் வரமாட்டோம் என்றன.
அதற்கும் ஒரு இலக்கத்தை எங்கோ மாற்றினேன்.

வெளியே படியடியில் புள்ளிமான்
யாரோ எறிந்த சோற்றுத் தாளை மென்றுகொண்டிருந்தது.
போன கிழமை ஒருவரின் விண்ணப்பத்தில்
கையெழுத்திருந்த மூலையைத் தின்றதும்
இதுவாய்த்தான் இருக்கும்.
இனி மான் தின்னாது மிஸ் என்றேன்.
சிரித்தா.

பதினொன்றரைக்கு றபியுதீன் வந்தார்.
குச்சவெளி பஸ், வேர்வை,
பொலித்தீன் பைக்குள் பொலித்தீன் பை.
ஏழாவது தரமாம்.
கோப்பைத் திறந்தா மிஸ்.
திரை சொன்னது:
வேறொருவர் திருத்திக்கொண்டிருக்கிறார்.
வி. அருள்நேசன்.

மிஸ் மௌஸிலிருந்து கையை எடுத்தா.
அருள்நேசன் பங்குனியில்
ஹபரணைப் பாதையில் லொறி மோதிப் போனவர்.
அலுமாரிக்குப் பின்னால்
அவருடைய குடை இன்னும் நிற்கிறது.

"அவர் எப்ப வருவார்?" என்றார் றபியுதீன்.
மின்விசிறி மட்டும் சுற்றியது.

அன்றைக்குக் கரண்ட் போயிருக்கும்,
அல்லது மூடாமல் எழும்பிப் போயிருப்பார்.
சேர்வருக்கு யாரும் சொல்லவில்லை.
பூட்டை விடுவிக்கவா, ஆம், இல்லை
என்று கேட்டது என்னை.
எனக்கு அந்த உரிமை இருக்கிறது,
மாதச் சம்பளத்தோடு வந்தது.
ஆனாலும் ஒருதரம் குடையைப் பார்த்துவிட்டுத்தான்
அழுத்தினேன்.

திறந்தது.
வடக்கு: சுபைதாவின் காணி.
தெற்கு: மணல் ஒழுங்கை.
மேற்கு: புல்மோட்டை வீதி.
கிழக்கு:

அதற்குப் பிறகு வெள்ளை.
கேர்சர் மட்டும் மினுங்கி மினுங்கி.

"கிழக்கால என்ன?"
"கிழக்கால என்ன மிஸ், கடல்தான்."

கடற்கரை ஒதுக்கிடம் என்றுதான்
சட்டப்படி எழுதவேண்டும்.
மிஸ்ஸுக்கு அது என்னைவிடத் தெரியும்.
கடல் என்றே அடித்தா,
சேமி என்றா.

சின்ன வட்டம் சுற்றத் தொடங்கியது.
மூன்றெழுத்துக் கடல்
கம்பிவடத்தால் வெளிக்கிட்டு
யாருக்கும் தெரியாத ஓர் அறைக்குப் போகிறது.
சுற்றுகிறது, இன்னும் சுற்றுகிறது.
றபியுதீன் எழும்பி நின்று பார்க்கிறார்,
தோணி தள்ளிவிட்ட ஆள்போல.