நிலுவை: நாற்பத்தொன்று

பேச்சிப்பாறை அணைக்கு நடுவில்
மோட்டாரை அணைப்பார் மல்லன் காணி.
நான் சொல்ல வேண்டியதில்லை.
மூழ்கிப்போன மரமொன்றின் உச்சி
தண்ணீருக்கு மேல் ஒரு முழம் நீட்டி நிற்கும் இடம்.
அங்கேதான் இரண்டு கோடு வரும்.
"ரேஞ்சு உண்டா சிஸ்டரே?"
"உண்டு. ஆடாம இரியும்."

காற்றுக்குப் படகு திரும்பினால்
ஒரு கோடு போய்விடும்.
துடுப்பை ஊன்றிப் பிடித்துக்கொள்வார்.
காலடியில் தடுப்பூசிப் பெட்டி,
ஐஸ் இளகிக்கொண்டிருக்கும்.
திரையில் ஒரு வட்டம் சுற்றும், சுற்றும்.
செக்கு மாடு போல என்று எழுதலாம்,
மாடாவது எண்ணெய் தரும்.

எடை, இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின்,
கடைசி மாதவிடாய்த் தேதி.
ஒரு பெண்ணைக் கட்டம் கட்டமாய் நிரப்பி
மேலே அனுப்ப வேண்டும்.
கட்டமெல்லாம் நிரம்பிவிடும்.
மேலேதான் போகாது.

என் நோட்டின் கடைசிப் பக்கங்களில்
யாரும் கேட்காத ஒரு கணக்கு இருக்கிறது:
ஈத்தைப்பாறை அயனி மரம், மாலை நாலுக்கு மேல், ஒரு கோடு.
ரப்பர்த் தோட்டம் ஒன்பதாம் வரிசை, மழை பெய்தால் கிடையாது.
ஆனைமுதுகுப் பாறை, மூன்று கோடு, ஏற இருபது நிமிடம், அட்டை உண்டு.
துணை சுகாதார நிலையம்,
ஜன்னல் கம்பியில் போனைக் கட்டித் தொங்கவிட்டால்
எப்போதாவது.

மார்த்தாண்டத்திலிருந்து வந்தான் ஷாஜின் பெனட்,
தோளில் கம்பிச்சுருள், லேப்டாப்பில் வரைபடம்.
அதில் எங்கள் மலை முழுக்கப் பச்சை.
"இங்க கவரேஜ் இருக்கே மேடம்."
நான் வாதாடவில்லை.
வீட்டுக்கு ஒரு போன் போடு தம்பி,
வந்து சேர்ந்தேன் என்று சொல் என்றேன்.
அயனி மரத்தைச் சுற்றினான்,
கையைத் தூக்கிக்கொண்டு கோழிக்கூட்டின் மேல் ஏறினான்.
இறங்கி வந்து கேட்டான்:
"அந்த நோட்டக் கொஞ்சம் தருவீங்களா?"

முதல் கம்பத்தில் யானை முதுகு சொறிந்தது.
கம்பம் போயிற்று.
இரண்டாவதைப் பாறை இடுக்கில் கான்கிரீட் போட்டு நட்டார்கள்.
சிமென்ட் மூட்டை மல்லனின் படகில் வந்தது.
கூலி வேண்டாம் என்றார்,
கட்டன்சாயா மட்டும் நாலு தடவை.
பாறையிலிருந்து எங்கள் கூரைக்கு ஒரு சட்டி,
அதற்கு ஒரு சோலார் தகடு.

வட்டம் சுற்றவில்லை.
நிலுவை: நாற்பத்தொன்று.
நாற்பது.
முப்பத்தொன்பது.
ஐப்பசி மழையில் நிறுத்த எடைகள்,
கார்த்திகையில் போட்ட ஊசிகள்
இப்போதுதான் மலை இறங்குகின்றன.
சட்டென்று திரை சிவந்து மின்னியது:
சஜிதா, ஏழாம் மாதம், 150/100,
அதிக ஆபத்து, உடனே மருத்துவமனைக்கு அனுப்பவும்.

சஜிதா எதிர் பெஞ்சில் இருக்கிறாள்.
அவள் பிள்ளை என் மேசைக்கடியில்
ஐஸ் பெட்டியின் பூட்டை நக்கிக்கொண்டிருக்கிறது.
"இப்பந்தானா தெரிஞ்சுது அவங்களுக்கு?"
சிரிக்கிறாள்.
அன்று ராத்திரி டார்ச்சைக் கவ்விக்கொண்டு பாறை ஏறியதும்
அக்கரையில் ஆம்புலன்ஸ் விளக்கு சுழன்றதும்
எந்தக் கட்டத்திலும் இல்லை.

எல்லாம் போயிற்று. ஒன்று நிற்கிறது.
பெயர் சொல்ல மாட்டேன்.
அந்த வாரம் பாறையிலும் ரேஞ்சு இல்லை,
அணையிலும் காற்று.
இப்போது நாலு கோடு.
அனுப்பவா என்று கேட்கிறது திரை,
பொறுமையாக.

வாசலில் யாரோ இருமுகிறார்கள்.
மூன்று மணிக்கு டாக்டர் வீடியோவில் வருவார்,
வரிசையில் பதினோரு பேர்.
உள்ளே வாங்க என்றேன்.

சாயங்காலம் திரும்பும்போது
பழக்கத்தில் மோட்டாரை அணைத்தார் மல்லன்.
அணைத்த பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது,
கயிற்றை இழுக்கக் குனிந்தார்.
இரியும் என்றேன்.
மரத்தின் உச்சியில் ஒரு நீர்க்காகம்
சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தது.
இரண்டு கோடு.
அந்த ஒன்றை
அங்கிருந்து அனுப்பினேன்.