கண்ணாடி துடைக்க வந்தது

கண்ணாடிப் பெட்டிக்குள் பாசி துடைக்கவென்று
மட்டக்களப்பு ரவுணில்
சுண்டுவிரல் நீளத்தில் விற்ற சாமான் இது.
ஆர் கொண்டுவந்து ஊற்றினதோ,
இப்ப உன்னிச்சைக் குளத்தில்
என் முழங்கை அளவுக்கு வளர்ந்து கிடக்குது.
வாய் தாடைக்கு அடியில்.
இரவெல்லாம் கல்லோடும் பட்ட மரத்தோடும் ஒட்டி
சுரண்டுகிற சத்தம் தோணிப்பலகையில் கேட்கும்.

வலையில் விழுந்தால்
நெஞ்சுச் செட்டை முள்ளை விரித்துப் பூட்டிக்கொள்ளும்.
திறப்பு அதனிடம்.
கண்ணி கண்ணியாய் நான் அறுக்க
மீன் கழரும், வலை முடியும்.

செதிலா அது? ஓட்டுக்கு மேல் ஓடு.
கத்தி வழுக்கி என் பெருவிரலைத்தான் கீறிற்று.
ஏறாவூர் ஆதம்பாவா தராசை எடுக்கவேயில்லை:
"இது என்னகா மீன்?
கல்லுக்கு ஆரோ வாய் வச்சமாதிரி."

கட்டில் எறிந்துவிட்டுப் போனேன், காலமை ஆறு மணி.
பொழுது சாய வந்து பார்த்தால்
காகமும் தொடாமல்
கிடந்து காற்றைக் குடிக்குது.
வயிற்றுக்குள்ளேயே மூச்சு வாங்குமாம்.
வெயிலுக்குக் கண்மணியின் நடுவே
சின்ன இலையொன்று இறங்கி மறைத்தது;
என் நிழல் விழ, இலை மேலேறிற்று.
அதைப் பார்த்திருக்கக் கூடாது நான்.

ஆவணியில் தண்ணி வற்ற
கட்டின் அடியெங்கும் பொந்து.
வட்டவிதானை பத்தக்குட்டியர் பொல்லை விட்டு அளந்தார்.
"ரெண்டு முழம். மறுகா மாரிக்கு
வான் பாயக்குள்ள கட்டு நிக்குமா?
அடை தம்பி, ஒண்டும் விடாத."

முழங்கால் தண்ணியில் நின்று
களிமண் பிசைந்து நாற்பத்தொன்று அடைத்தேன்.
அடுத்ததில் கை விட்டேன், தோள்மூட்டு மட்டும்.
முடிவில் ஒரு முகம்.
விலகவில்லை.
உள்ளங்கையில் வாயை ஒட்டி
கடிக்காமல், சும்மா, பிடித்தது.
அதற்கு அப்பால் விரல்நுனியில்
அவித்த சவ்வரிசிபோல் ஒட்டி உருண்டது ஏதோ.
தாய் இட்டுவிட்டுப் போய்விடும்,
தகப்பன்தான் காவலாம்.

வட்டை முழுக்க இந்தக் கட்டின் கீழ்.
என்ர ரெண்டு ஏக்கரும்.
கையை எடுத்தேன்.
அடைத்தேன்.

மூன்றாம் நாள் தண்ணி இன்னும் ஒரு சாண் கீழே.
காயத் தொடங்கின களியில், வெளிப்புறம்,
தபால் கந்தோர் முத்திரைமாதிரி
வட்டம் வட்டமாய் வாயடையாளம்.
வேறேதும் பாசி தேடி வந்திருக்கலாம்.
எண்ணினேன்.
மற்ற நாற்பத்தொன்றில் ஒன்றிலும் இல்லை.
இதில் பதினேழு.