அவள் உட்காரும் இடம்

ஏழு வருடம் முன்பு ஒரு புதன்கிழமை
லேயர் ரயில் நிலைய வாசலில்
குரோனிங்கன் பேருந்திலிருந்து இறங்கிய என் எதிரே
வந்து உட்கார்ந்தாள்.
குரைக்கவில்லை. உறுமவில்லை.
பந்தியில் அமர்வதுபோல் அத்தனை மரியாதையாக.

என் இடது காலுறைக்குள் நான்கு கிராம்.

பின்னால் நின்ற காவலர் வீப்கே ஊல்ரிக்ஸ்
சிவப்பு ரப்பர் பந்தொன்றை வீசி
“சமர்த்து” என்றாள், நாயிடம்.
ஃபென்யாவுக்குப் பந்து கிடைத்தது.
எனக்கு வழக்கு.
பாப்பன்பர்க்கில் வெல்டிங் பயிற்சி போனது,
ஓட்டுநர் உரிமம் போனது,
அப்பா ஒரு குளிர்காலம் முழுக்க
தேநீரை எனக்கு ஊற்றாமல் நகர்த்தி வைத்தார்.

அவளுக்குப் போதை என்றால் என்னவென்று தெரியாது.
பந்து தெரியும்.
காபித் தூளுக்குள், டீசல் தொட்டிக்குள்,
நாப்கின் மூட்டைக்குள்,
ஒருமுறை எம்டன் துறைமுகத்தில்
ஆளில்லாத சவப்பெட்டியின் மெத்தைக்குள்
எட்டு வருடமும் பந்தைத்தான் தேடினாள்.
அது கொஞ்சம் வேறு வாசனையில் ஒளிந்திருந்தது,
அவ்வளவுதான்.

பிறகு ஓர் ஏப்ரல் முதல் தேதி சட்டம் மாறியது.
முட்டாள்கள் தினக் கேலி என்று ரொட்டிக் கடையில் சிரித்தார்கள்.
வீட்டுக்கு மூன்று செடி வளர்க்கலாமாம்.
நான் அன்றே மூன்று தொட்டி வாங்கினேன்.

கற்ற வாசனைகள் நான்கு.
எதற்கும் ஒரே மாதிரிதான் உட்காருவாள்,
எது என்று சொல்லத் தெரியாது.
மூன்று இன்னும் குற்றம், ஒன்று இல்லை.
அவள் உட்கார்ந்ததை நம்பி
இனி எந்த டிக்கியைத் திறப்பது?
சட்டத்தில் ஒரு பத்தியை அடித்துவிடலாம்;
மூக்கில் எந்த வரியை அடிப்பது?

ஓய்வு கொடுத்தார்கள்.
ஈரல் சாசேஜ், ஒரு சான்றிதழ், மாதாமாதம் தீனிப்பணம்.
கழுத்துப்பட்டையிலிருந்து வில்லையைக் கழற்றியபோது
வீப்கே சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாளாம்.
இப்போது அவளுடன் வேலைக்குப் போவது
மூன்று வாசனை மட்டும் படித்த ஒரு குட்டி.

இந்தக் கதையெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால்
வீப்கே என் தெருவுக்குக் குடிவந்துவிட்டாள்,
கரை மேட்டை ஒட்டிய நான்காம் வீடு.

தினமும் காலை ஏழுக்குக் கால் மணி இருக்கையில்
ஃபென்யா என் கதவருகே வந்து உட்காருகிறாள்.
“இல்லை, வா” என்று வார் இழுபடும்.
என் முகத்தை வீப்கே பார்ப்பதில்லை.
முதல் வாரம் நான் திரையை இழுத்து விட்டேன்,
சட்டம் என் பக்கம் இருந்தும்.

நவம்பரில் ஒருநாள் மழை கிடைமட்டமாக அடித்தது.
அவள் எழவே இல்லை.
முகவாய் நரைத்து, இடுப்பு கோணி,
சரியாகச் செய்தவள் முகத்தோடு
கூலிக்குக் காத்திருந்தாள்.
கதவைத் திறந்தேன்.
“மன்னித்துக்கொள், ஹாபோ” என்றாள் வீப்கே.
“பந்து கொடுத்தால் தவறைச் சரியென்று சொல்வதாகும்.”
“அவள் தவறு எதுவும் செய்யவில்லையே.”
அதற்கு அவள் பதில் சொல்லவில்லை.
நனைந்த குல்லாயைக் கழற்றிப் பிழிந்தாள்.

மறுநாள் நான் ஒரு பந்து வாங்கினேன்.
சிவப்பு இல்லை, நீலம்தான் இருந்தது.
மெல்ல, ஒரு பத்தடி தூரத்துக்கு வீசினேன்.
ஓடவில்லை. நடந்து போனாள்.
இரண்டு முறை நழுவவிட்டு, கவ்வி,
என்னைத் தாண்டிக்கொண்டு போய்
வீப்கேயின் பூட்ஸ் மேல் வைத்தாள்.

வீப்கே குனிந்தாள்.
நெடுநேரம் கழித்து
“சமர்த்து” என்றாள்.

அன்று ரயில் நிலையத்தில்
விலங்கு மாட்டியபோது அழாதவன் நான்.
இந்தச் சொல் காதில் விழுந்த பிறகுதான் அழுதேன்.
இன்று உள்ளே போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன்,
அளவுக்கு மேல்.
தட்டு வழிந்து
தரையெல்லாம் ஈரம்.