வளர்ச்சி இல்லை

கல்லூரிக் கடிதம் தெளிவாகத்தான் இருந்தது:
"ஆய்வுத் தாள்களை மட்டும் அனுப்பவும்.
குடும்பக் காகிதங்கள் தேவையில்லை."

குன்னூரில் ஜூலை. மூன்று நாளாக
எதிர்வீட்டுத் தகரக் கூரையைக் கண்டவர் இல்லை.
நான் இந்தக் குடும்பத்துக்கு வாக்கப்பட்ட தணிக்கைக்காரி,
வரவை ஒருபுறம் செலவை ஒருபுறம் வைத்தே
சோறு தின்பவள்.
சாப்பாட்டு மேசையில் இரண்டு குவியல் போட
அரை நாள் போதும் என்றிருந்தேன்.

டிரங்குப் பெட்டி மூடியில் வெள்ளைப் பெயிண்ட்:
டாக்டர் எப்சிபா ஞானாபரணம், பாக்டீரியாலஜி.
என் மாமனாருக்குப் பெரிய அத்தை.
வகுப்பில் ஒரே பெண், பிறகு துறையில் ஒரே பெண்,
பிறகு துறைக்கே தலைவி.
அப்போதும் பெண்களுக்கான கழிப்பறை
அடுத்த கட்டடத்தில்தான்.
(அதற்காக அவர் எழுதிய பதினோரு விண்ணப்பங்கள்
எந்தக் குவியல்?)

முதல் தாள் பால் கணக்கு, ரிட்டயராகி மலைக்கு வந்த வருஷம்.
பின்பக்கம் அதே பாலில்
ஒரு மில்லிக்கு எத்தனை உயிர் என்ற கணக்கு.
பால்காரருக்குப் பாக்கி ஒன்றேகால் ரூபாய்.
உயிர் எட்டு லட்சம்.
கீழே: "பணம் கொடுத்தாயிற்று. பால் கொட்டியாயிற்று."

தங்கையின் கல்யாணப் பத்திரிகை.
உள்ளே பென்சிலில் பன்னிரண்டு வட்டம்,
வட்டத்துக்குள் புள்ளி புள்ளியாக எண்ணிக்கை.
பந்தியில் உட்கார்ந்தே போட்டிருக்க வேண்டும்,
ஏழாவது வட்டத்தில் ரசக் கறை.

யுத்த காலத்து ரசீது ஒன்று:
ஆட்டு ரத்தம் நாலணா, நெஞ்செலும்பு ஒரு ராத்தல்.
ஆய்வுக்கூடத்துக்கும் அடுப்புக்கும் சேர்த்து
கசாப்புக்காரர் ஒரே வரியில் எழுதிவிட்டார்.
எந்த இடத்தில் கிழிப்பேன்?

நாசரேத்திலிருந்து அம்மா:
"கண்ணுக்குத் தெரியாததைப் பார்க்கிறதுக்கு
சர்க்கார் சம்பளம் தருதாமே.
நாங்க ஞாயிறுதோறும் அதே வேலை பார்க்கிறோம்,
சும்மா."
மகள் அந்த வரிக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டிருக்கிறார்.

பருத்திப் பஞ்சில் பொதிந்த கண்ணாடித் துண்டு.
எண் உண்டு, பெயர் இல்லை.
பதிவேட்டைப் புரட்டி அந்த எண்ணைப் பிடித்தேன்.
"ஆண், வயது 19. ரத்தம். டைபாய்டு, மூன்றாம் நாள் உறுதி."
தம்பி சற்குணம் செத்தது பத்தொன்பதில்.
அடுத்த எண்ணும் அதே நாள், அதே கையெழுத்து,
நடுக்கம் கிடையாது.
மை மட்டும் வேறு.

கோத்தகிரிப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர்
மூன்று கடிதம் எழுதியிருக்கிறார்.
முதல் இரண்டில் தண்ணீர்த் தொட்டியைப் பற்றி.
மூன்றாவதில் நேராகவே கேட்டுவிட்டார்.
பதிலின் கரித்தாள் நகல்:
"எழுபத்திரண்டு மணி நேரம் கொடுங்கள்."
ஓரத்தில், பென்சிலில்,
24: வளர்ச்சி இல்லை.
48: வளர்ச்சி இல்லை.
72க்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை.
தாளை எறியவும் இல்லை.

ஐந்து மணிக்குக் கரண்ட் போனது.
வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெள்ளி
தேநீரும் வர்க்கியும் கொண்டுவந்தார்,
வைக்க இடமில்லாமல் நின்றார்.
"ரெண்டுலயும் பூசணம் ஏறியிருக்கேம்மா."

டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன்.
சாம்பல் பச்சை, விளிம்பில் வெள்ளை, நடுவில் மஞ்சள் குத்து.
பத்திரிகையில் ஒன்று, பால் கணக்கில் நாலு,
மூன்றாம் கடிதத்தின் மடிப்பில் ஒன்பது.
எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்பதே
ஒன்பதில்தான் உறைத்தது.

கல்லூரிக்கு எழுதினேன்:
"மொத்தம் பதினேழு கிலோ. பிரிக்க வரவில்லை.
எடுத்தால் பெட்டியோடு எடுங்கள்.
ரசக் கறையைத் துடைக்கக் கூடாது."

நகலின் ஓரத்தில் பென்சிலால் மூன்று எண் போட்டு வைத்தேன்.
24: வளர்ச்சி இல்லை. மழை.
48:
பெள்ளி தபால்பெட்டி வரை போயிருக்கிறார்.